தொடை எலும்பு முறிந்த முதியவருக்கு முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம், பள்ளிப்பட்டு, திருத்தணி ஆகிய ஊர்களிலிருந்து வீட்டுப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பத்தார் அறுவை அரங்கின் வாசலில் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி நிக்காதாமே?" என்பது ஒன்று. "இந்த வயசுல முழு மயக்கம் குடுத்தா கண்ணு முழிப்பாங்களா?" என்பது மற்றொன்று. மகன் ஒன்றைக் கேட்பார், மருமகள் மற்றதைக் கேட்பார். இரண்டு பேரும் எதிரெதிர் முடிவோடு வந்திருப்பதால் கையெழுத்துத் தாள் அவர்கள் நடுவில் கைமாறிக்கொண்டே இருக்கும். மயக்கவியல் மருத்துவராக இந்தத் தமிழக-ஆந்திர எல்லைப் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், என் பெரியம்மாவுக்கே தொடை எலும்பு முறிந்தபோது, அந்தத் தாளின் மறுபக்கத்தில் நிற்க நேர்ந்தது. மருத்துவராகவும் வீட்டாளாகவும் பார்த்ததை வைத்து இந்த இரண்டு வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் முறிந்திருப்பது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளியலறையில் வழுக்கியோ, இரவில் வாசற்படி தடுக்கியோ விழும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல் முனை. அது இடுப்புக் கிண்ணத்தில் பொருந்தும் பந்துக்குக் கீழேயுள்ள கழுத்தாகவோ, அதற்குச் சற்றுக் கீழேயுள்ள புடைப்பாகவோ இருக்கும். புத்தூர்க் கட்டின் மீது எங்கள் பக்கத்தார் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் ஏளனம் செய்வதில்லை; மணிக்கட்டில் பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. ஆனால் தொடையின் மேல் முனையை வெளியிலிருந்து எந்தக் கட்டாலும் பிடித்து நிறுத்த முடியாது. சுற்றியுள்ள தசைகள் எலும்பை மேலே இழுப்பதால் கால் குட்டையாகி வெளிப்புறமாகத் திரும்பிவிடும். எழ முடியாமல் படுத்தே கிடக்கும் உடலில் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் காலில் இரத்தக் கட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். எனவே பெரும்பாலோருக்கு எலும்புக்குள் ராடு என்னும் உலோகத் தண்டு வைப்பதோ, பந்தை மாற்றுவதோ தேவைப்படுகிறது. வந்த அன்றோ மறுநாளோ அதைச் செய்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011 முதல் சொல்லிவருவது. மயக்கத்தைப் பற்றிய எந்த ஒப்பீட்டையும் இந்தக் காலக்கெடுவுக்குள் வைத்தே பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பேசும் குடும்பங்களையும் மருத்துவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதுகு ஊசி என்பது 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறை. அவர் அதை முதலில் பயன்படுத்தியதும் ஒரு கால் அறுவைக்குத்தான். பிறகு அவரும் அவருடைய உதவியாளரும் அதைத் தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்க்கப்போய், பியர் பல நாட்கள் தலைவலியால் படுத்துக்கிடந்தார். அன்றைய ஊசி தடித்தது. இன்று நாங்கள் பயன்படுத்துவது தலைமுடியை விடச் சற்றே பெரியது என்று தோன்றும் அளவுக்கு மெல்லியது. தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழே, இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளியில் அதைச் செலுத்தி, கண்ணீரைப் போல் தெளிந்த திரவம் சொட்டுவதைப் பார்த்த பின், சர்க்கரை சேர்த்துக் கனமாக்கப்பட்ட புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை 2 மில்லியோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கிறோம். சில நிமிடங்களில் கால்கள் சூடேறி, கனத்து, மரத்துப்போகின்றன. இரண்டு மூன்று மணி நேரம் அந்த நிலை நீடிக்கும். நோயாளி தானாகவே மூச்சு விடுகிறார், பேசுகிறார், நெஞ்சு வலித்தால் சொல்லவும் செய்கிறார். இந்தக் கடைசி வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்தக் கருவியும் காட்டுவதற்கு முன்பே நோயாளியின் வாய் சொல்லிவிடும் செய்திகள் உண்டு.

ஆயுள் முழுவதும் முதுகுவலி என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம், அவ்வளவுதான். அறுபது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு ஊசிக்கு முன்பே முதுகுவலி இருக்கிறது. பின்னாளில் அது கூடும்போது பழி ஊசியின் மேல் விழுகிறது. பியரைப் படுக்கவைத்த தலைவலியும் முதியவர்களுக்கு அரிதாகவே வருகிறது.

முதுகு ஊசியின் உண்மையான சங்கடங்கள் வேறு. முதலாவது, உடைந்த தொடையோடு ஒருவரை உட்கார வைப்பது. சென்ற ஆண்டு எண்பதைத் தாண்டிய ஒரு ஆயா வந்தார். தறியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவர், முதுகு வில்லாக வளைந்திருந்தது. அவரை அசைத்தவுடனே அலறினார். இந்த நிலையில் மூன்று பேர் சேர்ந்து பிடித்து உட்கார வைப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அது கொடுமையாகவே தோன்றுகிறது. நாங்கள் அவரைப் படுத்த நிலையிலேயே விட்டு, அல்ட்ராசவுண்ட் கருவியை இடுப்பு மடிப்பில் வைத்துப் பார்த்து, தொடைக்குச் செல்லும் நரம்புகள் ஓடும் உறைக்குக் கீழே மரப்பு மருந்தைச் செலுத்தினோம். கால் மணி நேரம் கழித்து, "இப்ப உக்கார்றேன் கண்ணு" என்று அவரே சொன்னார். வளைந்த முதுகில் எலும்புகளின் இடைவெளி சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. இரண்டு முறை எலும்பில் முட்டிய ஊசி, சற்றுப் பக்கவாட்டிலிருந்து நுழைந்தபோதுதான் வழி கிடைத்தது. பாதி அறுவையில், மருத்துவர் சுத்தியலால் ராடைத் தட்டிக்கொண்டிருக்கையில், அந்த ஆயா என்னைப் பார்த்து, "யாரு வீட்ல உரல்ல இடிக்கறாங்க?" என்று கேட்டார். அவர் காலில்தான் இடிக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சங்கடம் இரத்த அழுத்தம். முதுகு ஊசி வலி நரம்புகளோடு, இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் மரக்கச் செய்துவிடுகிறது. குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிகிறது. விழுந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமலும், சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்தும் கிடந்த முதியவருக்கு இந்தச் சரிவு ஆழமாக இருக்கும். மருந்தின் அளவைக் குறைப்பது, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது, குழாய்களைச் சுருக்கும் மருந்தைக் கையில் தயாராக வைத்திருப்பது ஆகியவற்றால் இதைச் சமாளிக்க முடிகிறது. ஆனால் இதயத்தின் மகாதமனி வால்வு மிகவும் குறுகிப்போனவர்களுக்கு இந்தச் சரிவு ஆபத்தானது. குறுகிய வாயில் வழியே தள்ளப்படும் இரத்தம் உடனடியாக ஈடுகொடுக்க முடியாது. அத்தகையவர்களுக்கு முதுகு ஊசியை நான் தவிர்த்தே வருகிறேன்.

முழு மயக்கத்தைப் பற்றிய பயம் இதைவிடப் பழையது, பரம்பரையாக வருவது. கண் விழிக்காமல் போனவர்களின் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று உண்டு. அந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் நோயாளியைக் கொண்டுபோனது நுரையீரல் சளியோ மாரடைப்போ நாள்பட்ட படுக்கையோதான்; மயக்க மருந்தின் பெயர் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. முழு மயக்கத்தில் நோயாளியின் நினைவை நீக்கி, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியோ, தொண்டையில் படியும் முகமூடி ஒன்றை வைத்தோ, இயந்திரத்தின் துணையோடு மூச்சை நடத்துகிறோம். இளைஞனுக்குக் கொடுக்கும் அளவை எண்பது வயதுக்காரருக்குக் கொடுப்பதில்லை. அதில் ஒரு பகுதியை, மெதுவாக, அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். மருந்தை நிறுத்தியதும் சிறிது நேரத்தில் கண் திறக்கிறார்கள். இந்த வழியின் பலம் அதன் உறுதி: வளைந்த முதுகும், இறுகிய இடைவெளியும், உட்கார முடியாத வலியும் இதற்குத் தடையாவதில்லை, அறுவை நீண்டுவிட்டால் மருந்து தீர்ந்துவிடுமோ என்ற பதற்றமும் இல்லை. பலவீனம் நுரையீரலில் இருக்கிறது. பல ஆண்டுகள் பீடி குடித்தவர், நெசவுக்கூடத்தின் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர், ஏற்கெனவே மூச்சிரைப்போடு வந்தவர் ஆகியோருக்குக் குழாயை எடுத்த பின் சளியை இருமி வெளியேற்றுவது கடினமாகிறது. ஆடும் பற்களும் எனக்குக் கவலை தருபவை. முன்பே சொல்லிவிடுங்கள், கட்டுப் பற்களைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள்.

இனி, இரண்டில் எது உயிரைக் காக்கிறது என்ற நேரடிக் கேள்விக்கு வரலாம். நான் பயிற்சி பெற்ற காலத்தில், முதியவர் என்றால் முதுகு ஊசியே நல்லது என்பதை எழுதப்படாத விதியைப் போலக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நேராகச் சோதித்த பெரிய ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில், இடுப்பருகே எலும்பு முறிந்த 1600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு முதுகு ஊசியும் மறு சாராருக்கு முழு மயக்கமும் கொடுத்தார்கள். 60 நாட்கள் கழித்து இறந்துபோனவர்களையும், சுமார் 10 அடி தூரத்தைக்கூடப் பிறர் தாங்காமல் நடக்க முடியாதவர்களையும் சேர்த்து எண்ணியபோது, முதுகு ஊசிக்காரர்களில் 18.5 சதவீதமும் முழு மயக்கக்காரர்களில் 18 சதவீதமும் இருந்தனர். புத்தித் தடுமாற்றம் வந்தவர்கள் முறையே 20.5, 19.7 சதவீதம். சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் முதல் ஏழு நாட்களில் தடுமாற்றம் கண்டவர்கள் 6.2, 5.1 சதவீதம். இந்த வித்தியாசங்கள் எதுவும் ஒரு பக்கம் சாயப் போதுமானவை அல்ல. இந்த எண்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது, ஏனென்றால் எத்தனையோ குடும்பங்களிடம் முதுகு ஊசிக்காக நான் வாதாடியிருந்தேன்.

ஆனால் சராசரி சமமாக இருப்பதால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இரண்டும் சமம் என்று பொருள் கொள்ளக்கூடாது. எந்த வழியிலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்களையே அத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பார்கள். ஒரு வழி அடைக்கப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. எங்கள் பெரியம்மா அப்படி ஒரு வழி அடைபட்டவர்.

அவர் விழுந்தது வெள்ளிக்கிழமை விடியற்காலை. நான் வெளியூரில் இருந்தேன். புத்தூருக்குக் கொண்டுபோவதா, திருப்பதிக்கா, வேலூருக்கா என்று வீட்டில் பேசிப் பேசியே அன்றைய பொழுது போனது. அந்தத் தாமதம் முழுக்க எங்கள் வீட்டாருடையது. சனிக்கிழமை மதியம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள், முதுகு ஊசி போட்டு மறுநாள் அறுவை என்று முடிவானது. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டபோது, "பிரஷருக்குச் சாப்புடுவாங்க" என்பதோடு என் தம்பி நிறுத்திக்கொண்டான். இரவு நான் போய்ச் சேர்ந்து, அவர் தலைமாட்டில் எப்போதும் இருக்கும் பிஸ்கட் டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லித் திறந்து பார்த்தேன். பாதி தீர்ந்த அட்டைகளில் ஒன்று, இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூளையில் சிறு அடைப்பு வந்தபோது எழுதிக்கொடுத்தது; ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவருக்கு முதுகு ஊசி போடுவதில் தடையில்லை. குளோபிடோக்ரெல் வேறு, அதை நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாட்கள் கழிந்த பிறகே முதுகில் ஊசி போடுவது வழக்கம், ஏனென்றால் தண்டுவடத்தைச் சுற்றிக் கசியும் இரத்தம் கட்டியாகி நரம்புகளை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையும் அளவைப் பரிசோதித்து, வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்யலாம். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்குப் பொதுவாக மூன்று நாள் இடைவெளி கேட்கிறோம். அந்த மருத்துவமனையில், அப்படியானால் ஐந்து நாள் பொறுத்து முதுகு ஊசியே போடலாம் என்றார்கள். ஞாயிறு காலை அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். முதுகு ஊசிக்காக ஐந்து நாள் படுக்கையில் போடுவதா, இன்றே முழு மயக்கம் கொடுத்து முடித்துவிடுவதா என்று தட்டில் வைத்துப் பார்த்தால், எழுபத்தொன்பது வயதில் ஐந்து நாள் படுக்கைதான் கனமான தட்டு. இரண்டு வழிகளும் ஏறக்குறைய சமம் என்று அந்தப் பெரிய ஆய்வுகள் காட்டியதன் நடைமுறைப் பயன் எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது: ஒன்று அடைபட்டால் மற்றதில் குற்ற உணர்வின்றிப் போகலாம். இடுப்பு மடிப்பில் நரம்பு மரப்பு ஊசியும் முழு மயக்கமும் கொடுத்து, இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, அன்று மதியமே ராடு வைத்தார்கள்.

வலியைத் தடுக்கும் அந்த இடுப்பு மடிப்பு ஊசியை மூன்றாவது வழி என்று சிலர் சொல்வதுண்டு. தொடையின் மேல் முனை அறுவைக்கு அது தனியாகப் போதாது. பல நரம்புகள் அங்கே வந்து சேருகின்றன. கணுக்கால், முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றின் முறிவாக இருந்தால் நிலைமை வேறு. முழங்காலுக்குப் பின்னாலுள்ள நரம்பையும் உட்பக்கத்துத் தோல் நரம்பையும் மரக்கச் செய்தே பல அறுவைகளை முடித்துவிடலாம். இதயமும் நுரையீரலும் மிகவும் நலிந்த முதியவருக்கு அதுவே ஆகச் சிறந்த வழி என்பது என் கருத்து. தொடை முறிவிலும், எந்த மயக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த ஊசியை மருத்துவமனைக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே கேட்டுப் பெறுங்கள். வலி அடங்கினால் வலி மாத்திரைகளின் அளவு குறையும். அவை குறைந்தால் தூக்கக் கலக்கமும் மலச்சிக்கலும் தடுமாற்றமும் குறையும்.

அந்தத் தடுமாற்றத்தைப் பற்றிக் குடும்பத்தார் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் "மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது" என்ற முடிவுக்கு வருகிறார்கள். பெரியம்மா அறுவை முடிந்த அன்று மாலை நன்றாகப் பேசினார். இரவு பதினொரு மணிக்கு மேல், மானிட்டரின் சத்தத்தைத் தறிச் சத்தம் என்று எண்ணிக்கொண்டு, "நாடாவ நிறுத்துடா, இழை அறுந்துடுச்சு" என்று காலமாகிவிட்ட பெரியப்பாவிடம் சத்தம் போட்டார். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார். மறுநாள் இரவும் அப்படியே. முதுகு ஊசி போட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று அந்த எண்கள் சொல்கின்றன. முறிவும், வலியும், நீர் வற்றியதும், புது இடமும், தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை இது. தூங்கவைக்கும் டயசிபாம் வகை மருந்தைக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பி, மகள் அருகில் உட்கார்ந்து கிழமையையும் ஊர்ப் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தெளிந்தது.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தேர்வும் இதில் உண்டு: பக்கத்து ஊரில் முடித்துக்கொள்வதா, தொலைவுக்குப் போவதா. தேவஸ்தானம் நடத்தும் எலும்பு மருத்துவமனை திருப்பதியில் இருக்கிறது, வேலூர் இருக்கிறது, சென்னை இருக்கிறது. முறிவைத் தவிர வேறு பெரிய நோய் இல்லாத முதியவருக்கு, முழுநேர மயக்கவியல் மருத்துவரும் இரத்த வங்கித் தொடர்பும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனையே போதும்; பயணத்தில் போகும் நாள் அங்கே மிச்சம். வால்வு நோய், அண்மையில் மாரடைப்பு, டயாலிசிஸ், படுத்தால் மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு முதலிலேயே போய்விடுங்கள். இரண்டு நாள் இங்கே வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட முடிவு. எல்லையின் இந்தப் பக்கத்து அரசுக் காப்பீட்டு அட்டை அந்தப் பக்கம் செல்லுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்து "ஹார்ட் பிட்னஸ்" வாங்கிவரச் சொல்லி ஒரு நாளைக் கழிக்கும் வழக்கம் இரு மாநிலங்களிலும் ஒன்றுபோல் இருக்கிறது. நெஞ்சில் முணுமுணுப்புச் சத்தமோ மூச்சிரைப்போ இருப்பவருக்கு எக்கோ அவசியம், அதுவும் படுக்கையருகிலேயே விரைவாக எடுக்கலாம். எல்லோருக்கும் சடங்காக எடுப்பதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆகவே, "முதுகிலா, முழுசா?" என்று மட்டும் என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். "இவருக்கு இதை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அது முடியாமல் போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? வலிக்கு நரம்பு ஊசி உண்டா? எதற்காகக் காத்திருக்கிறோம்?" என்று கேளுங்கள். கேட்டால் எரிச்சல்படுபவர்கள் இருக்கலாம், பரவாயில்லை. கிளம்பும் பையில் கண்ணாடியையும், காது கேட்கும் கருவியையும், அதன் மாற்று பேட்டரியையும் வையுங்கள். மருந்துச் சீட்டு ஒரு மருத்துவமனையில் தெலுங்கிலும் மற்றொன்றில் தமிழிலும் குறிக்கப்பட்டுப் பாதி எழுத்து அழிந்திருக்கும், அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. மாத்திரை அட்டைகளை வெட்டாமல், வேண்டியது எது வேண்டாதது எது என்று நீங்களே பிரிக்காமல், பிஸ்கட் டப்பாவோடு அப்படியே கொண்டுவாருங்கள்.